பாண்டு மக்களின் வைத்தியம் பலிக்குமா?

நீங்கள் கேட்டது ஒரே வரி: "ஆப்பிரிக்காவின் பாண்டு மக்களுடைய பாரம்பரிய வைத்தியம் உண்மையிலேயே நோயைத் தீர்க்கிறதா, இல்லை எல்லாம் பேயோட்டும் மூடநம்பிக்கைதானா?" அந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் கொடுக்கும் வேரிலும் பட்டையிலும் மருந்துக் குணம் உண்டா என்பது முதல் கேள்வி. எலும்பு உருட்டிக் குறி பார்ப்பது, மேளம், முன்னோர் ஆவி ஆகியவற்றால் நோயாளிக்கு ஏதாவது நன்மை உண்டா என்பது இரண்டாவது. மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேள்வியின் தொனியில் இருக்கிறது: ஒருவர் அதை நம்பிப் போகலாமா? மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. ஒரே பதில் சொல்ல முயல்கிறவர்கள்தான், புகழ்பவர்களும் சரி இகழ்பவர்களும் சரி, இந்த விஷயத்தைக் குழப்பி வைத்திருக்கிறார்கள்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்தில் மருத்துவமனை மருந்தகங்களில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். படித்தது மருந்தியல். மானுடவியல் படித்தது பிறகு, வேலை கற்றுக்கொடுத்த தேவையால். ஆகவே அங்கே வாழும் சுலு மக்களைப் பற்றி நான் சொல்வது கண்டும் பழகியும் அறிந்தது. காங்கோ, சாம்பியா, தான்சானியா பற்றிச் சொல்வது படித்து அறிந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் 'பாண்டு' என்ற சொல். அது ஒரு இனத்தின் பெயரோ ஒரு மதத்தின் பெயரோ அல்ல, ஒரு மொழிக் குடும்பத்தின் பெயர். கேமரூனிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை பேசப்படும் சுமார் 500 மொழிகளுக்கு, அவற்றில் மனிதனைக் குறிக்கும் '-ன்டு' என்ற வேரை எடுத்து, வில்ஹெல்ம் பிளீக் என்ற ஜெர்மானிய மொழியியலாளர் 1862ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் அது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு இதே சொல்லைக் கறுப்பின மக்களை ஒதுக்கி வைக்கும் சட்டங்களில் எல்லாம் எழுதியதால், அங்கே யாரையும் நேரில் அப்படி அழைக்காதீர்கள், புண்படுவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மக்களும், வூடூ வழிபாடு தோன்றிய பெனின் கரை மக்களும், கலஹாரியின் சான் மக்களும் பாண்டு அல்ல. இணையத்தில் 'பாண்டு மூலிகை' என்று விற்கப்படும் ஹூடியா என்ற செடிகூட சான் மக்களின் அறிவு.

ஆனாலும் இந்த மொழிகளுக்குள் ஓடும் சில சொற்கள், வைத்தியத்தில் ஒரு பொதுத் தொன்மை இருப்பதைக் காட்டுகின்றன. வைத்தியருக்குக் காங்கோ பகுதியின் கொங்கோ மொழியில் ங்காங்கா, கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் ம்கங்கா, ஜிம்பாப்வேயின் ஷோனாவில் நாங்கா, சுலுவில் இன்யாங்கா. ஒரே வேர், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில். சுலுவில் மருந்துக்கு உமுத்தி என்று பெயர். மரத்துக்கும் அதே சொல்தான். மேளத்தையும் பாட்டையும் குறிக்கும் ங்கோமா என்ற சொல்லிலிருந்து வந்ததுதான் குறி சொல்லிக் குணப்படுத்தும் இசங்கோமாவின் பெயர். மரமும் மேளமும் என்று சொன்னால் இந்த வைத்தியத்தின் இரண்டு கால்களையும் சொன்னதாகிவிடும்.

இந்த மக்கள் நோயை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தெரியாமல் பலிக்கிறதா என்று கேட்டால் பதில் தவறான இடத்தில் போய் நிற்கும். கொங்கோ மக்கள் நோயை இரண்டு வகையாக வைக்கிறார்கள். ஒன்று கடவுளின் நோய்: சளி, வயிற்றுப்போக்கு, முதுமை போல யாரையும் குற்றம் சொல்ல முடியாதது. மற்றது மனிதரின் நோய்: பகை, பொறாமை, மீறிய கடமை, தீராத சண்டை ஆகியவற்றால் வந்ததாகக் கருதப்படுவது. சுலு மக்களிடமும் இதே பிரிவு உண்டு. தானாக வந்து போகும் நோய்கள் உம்குஹ்லானே. தங்கள் வாழ்முறைக்குள் மட்டுமே பொருள்படும் நோய்கள் உகுஃபா க்வபண்டு, அதாவது 'மக்களின் நோய்'. முதல் வகைக்கு யாரிடம் வேண்டுமானாலும் போவார்கள், மருத்துவமனைக்கும் தயங்காமல் வருவார்கள். இரண்டாவது வகைக்கு மருத்துவமனையில் மருந்து இல்லை என்பது அவர்கள் எண்ணம்.

இதை 'கிருமி பற்றித் தெரியாதவர்கள்' என்று புரிந்துகொண்டால் ஏமாந்துபோவோம். காசநோய்க்கு ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை வாங்கிச் சாப்பிட்ட ஒரு பள்ளி ஆசிரியர் என்னிடம் சொன்னார்: "கிருமியால் வந்தது என்று எனக்குத் தெரியும். அதே அறையில் நாலு பேர் தூங்கினோம். ஏன் எனக்கு மட்டும், ஏன் என் அப்பாவின் சடங்கைச் செய்யாமல் விட்ட இந்த வருஷம்?" என்ன நோய் என்ற கேள்விக்கு அவர் எங்களிடம் வந்தார். ஏன், யாரால் என்ற கேள்விக்கு இசங்கோமாவிடம் போனார். இரண்டு கேள்விகளும் அவருக்கு ஒன்றையொன்று இடிக்கவில்லை.

யார் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்யாங்கா என்பவர் பெரும்பாலும் மூலிகை வைத்தியர், பாரம்பரியமாக ஆண்கள். இசங்கோமா முன்னோர்களின் அழைப்பால் வருபவர், அதிகமும் பெண்கள். அந்த அழைப்பே ஒரு நோயாகத்தான் வரும்: விடாத கனவுகள், தோள்பட்டை வலி, அழுகை, காரணம் தெரியாத மெலிவு. அதற்குத் தீர்வு ஒரு மூத்த இசங்கோமாவிடம் மாதக்கணக்கில், சிலசமயம் ஆண்டுக்கணக்கில், தங்கிப் பயில்வது. அந்தப் பயிற்சிக்கு உகுத்வாசா என்று பெயர். முடித்து வரும் பெண்ணுக்கு இருபது வயதுதான் என்றாலும் அவரை 'கோகோ', அதாவது பாட்டி, என்று அழைப்பார்கள். பேசுவது அவரல்ல, அவருக்குள் இருக்கும் முன்னோர் என்பதால் அந்த மரியாதை. நம் ஊர்ச் சாமியாடி உடனே நினைவுக்கு வருவார். ஆனால் சாமியாடி கோயில் கொடையோடு இறங்கிவிடுவார், இசங்கோமா வாழ்நாள் முழுக்க நோயாளி பார்ப்பவர்.

இப்போது மூலிகைகள். இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியவை உண்டு. ஜெரேனிய இனத்தைச் சேர்ந்த பெலர்கோனியம் சிடாய்ட்ஸ் என்ற செடியின் கிழங்கு, தென்னாப்பிரிக்காவில் பாண்டு மொழி பேசும் சோசா, சோத்தோ மக்கள் இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கொடுப்பது. சார்லஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர் நுரையீரல் நோயோடு 1897ல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய், ஒரு சோத்தோ வைத்தியர் கொடுத்த கஷாயத்தில் குணமானதாகச் சொல்லி, இங்கிலாந்து திரும்பி அதைக் காசநோய் மருந்தாக விற்றார். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அவரைப் போலி என்றது. அவர் தொடுத்த மானநஷ்ட வழக்கில் 1914ல் தோற்றார். அவருக்கு இருந்தது காசநோய்தானா என்பதற்கே உறுதியான சான்று இல்லை. அதே கிழங்கின் சாறு இன்று ஜெர்மனியில் 'உம்கலோவாபோ' என்ற பெயரில் மருந்துக்கடைகளில் விற்கிறது. திடீர் மார்புச்சளிக்கு அது ஓரளவு பயன்படலாம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், சான்றின் தரம் குறைவு என்ற எச்சரிக்கையோடு. காசநோய்க்குப் பயன்படும் என்பதற்குச் சான்று இல்லை. அந்தச் சாறெடுப்பு முறைக்கு அதைத் தயாரிக்கும் நிறுவனம் பெற்றிருந்த ஒரு ஐரோப்பியக் காப்புரிமையை, தென்னாப்பிரிக்காவின் ஆலிஸ் என்ற ஊர் மக்கள் எதிர்த்து, 2010ல் ரத்து செய்ய வைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. கிழங்கைத் தோண்டிக் கொடுத்த பாட்டிகளின் அறிவு அதுவரை எந்தக் கணக்கிலும் வராமல் இருந்தது.

இதன் மறுபக்கம்தான் என்னை இந்தத் துறைக்குள் தள்ளியது. இம்பிலா என்று ஒரு வேர் இருக்கிறது. சுலுவில் அந்தப் பெயருக்கு 'ஆரோக்கியம்' என்று பொருள். தாவரப் பெயர் காலிலெபிஸ் லாரியோலா. அதில் இருக்கும் அட்ராக்டிலோசைடு என்ற நஞ்சு, உயிரணுக்கள் சக்தி உண்டாக்குவதையே தடுத்துவிடும். கல்லீரல் கருகும், சிறுநீரகம் நின்றுபோகும், இரத்தத்தில் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கும். சிறு குழந்தைகளுக்கு இதைப் பெரும்பாலும் உகுசாத்தா என்ற முறையில், அதாவது ஆசனவாய் வழியாக எனிமாவாக, கொடுப்பார்கள். வயிற்றைக் கழுவிச் சுத்தம் செய்வது, வாந்தி எடுக்க வைப்பது, வேது பிடிப்பது, தோலைக் கீறி மருந்து தேய்ப்பது ஆகிய நான்கும் சுலு வைத்தியத்தின் அன்றாட முறைகள். உடம்புக்குள் இருக்கும் அழுக்கை வெளியேற்றினால்தான் மருந்து வேலை செய்யும் என்பது அடிப்படைக் கருத்து.

ஒரு ஆகஸ்ட் மாதம் வலிப்போடு ஒரு மூன்று வயதுப் பையனைப் பாட்டி தூக்கிக்கொண்டு வந்தார். "வீட்டில் ஏதாவது கொடுத்தீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றார். நானும் கேட்டேன். இல்லை. மாலையில் ஒரு மூத்த செவிலியர் தரையில் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "கோகோ, எதை வைத்துச் சாத்தா செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். இம்பிலா என்று பதில் வந்தது, காலையிலிருந்து அது தொண்டையில் நின்றிருந்தது போல. பையன் மூன்றாம் நாள் இறந்துபோனான். முதல் மணியிலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. ஆனால் பாட்டி பொய் சொன்னார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வெள்ளை உடுப்புக்காரர்கள் கேட்கும் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு திட்டு காத்திருக்கும் என்று அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

நஞ்சும் இல்லை, பெரிய நன்மையும் நிரூபிக்கப்படவில்லை என்ற நடுப்பகுதியில்தான் பெரும்பாலான மூலிகைகள் இருக்கின்றன. எச்.ஐ.வி. பெருகிய காலத்தில் 'ஆப்பிரிக்க உருளைக்கிழங்கு' என்ற ஹைபாக்சிஸ் கிழங்கை, பூண்டு பீட்ரூட்டோடு சேர்த்து, தென்னாப்பிரிக்கச் சுகாதார அமைச்சரே பரிந்துரைத்தார். எச்.ஐ.வி.யை அது கட்டுப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எச்.ஐ.வி. மாத்திரைகளோடு மோதுமோ என்ற அச்சம் ஆய்வுக்கூடச் சோதனையில் எழுந்தது. பிறகு தன்னார்வலர்களிடம் செய்த சிறிய சோதனையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. கேடு செய்தது கிழங்கைவிட அதன் பெயரால் மாத்திரையை நிறுத்தியதுதான். 2011ல் தான்சானியாவின் லோலியோண்டோ பகுதியில் இதுவே நடந்தது. ஓய்வுபெற்ற லூதரன் போதகர் ஒருவர், கடவுள் கனவில் காட்டியதாகச் சொல்லி ஒரு வேரைக் காய்ச்சி, கோப்பை 500 ஷில்லிங்குக்குக் கொடுத்தார். வண்டிகள் பல கிலோமீட்டர் வரிசையில் நின்றன. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுந்து போனவர்கள் உண்டு, வழியிலேயே இறந்தவர்கள் உண்டு, குணமாகிவிட்டோம் என்று எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. அந்த வேர் வேறு எதுவுமில்லை, நம் ஊர்க் களாச் செடியின் இனம்தான்.

அறுவை சிகிச்சை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை அறிந்தவர்கள் குறைவு. ராபர்ட் ஃபெல்கின் என்ற மருத்துவ மிஷனரி 1879ல் இன்றைய உகாண்டாவின் புன்யோரோ நாட்டில் ஒரு சிசேரியனைக் கண்டதாக எழுதினார். அது 1884ல் எடின்பரோவில் வெளிவந்தது. புன்யோரோ மக்கள் பாண்டு மொழி பேசுபவர்கள். தாய்க்கு வாழைப்பழ மது கொடுத்து அரைமயக்கமாக்கினார்கள். அதே மதுவால் வைத்தியர் தன் கையையும் தாயின் வயிற்றையும் கழுவினார். இரத்தம் வந்த இடங்களைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார். கருப்பையைத் தைக்கவில்லை, வயிற்றுத் தோலை மட்டும் ஏழு மெல்லிய இரும்பு முட்களால் கோத்து, மரப்பட்டைத் துணி நூலால் கட்டி, வேர் அரைத்த பற்றைப் போட்டார். பதினோராம் நாள் காயம் ஆறியிருந்தது, தாயும் குழந்தையும் நலம். ஐரோப்பாவில் அன்று சிசேரியன் செய்த தாய்மாரில் பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்தார்கள். இந்த விவரிப்பு ஒரே ஒரு சாட்சியின் சொல் என்பதால் ஐயப்படும் வரலாற்றாளர்களும் உண்டு. ஆனால் அதில் தெரியும் கைப்பழக்கம், முதல் முறை செய்பவருடையது அல்ல என்பது என் எண்ணம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், குறியும் மேளமும். இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த பதில் சாம்பியாவின் வடமேற்கு மூலையில் வாழும் ந்டெம்பு மக்களிடமிருந்து வருகிறது. 1950களின் தொடக்கத்தில் விக்டர் டர்னர் என்ற மானுடவியலாளர் அங்கே இருந்தார். இஹம்பா என்ற சடங்கை அவர் பதிவு செய்திருக்கிறார். இறந்துபோன வேட்டைக்காரனின் பல் ஒன்று உறவினர் உடம்புக்குள் புகுந்து கடிக்கிறது என்பது நோய்க்குச் சொல்லும் காரணம். வைத்தியர் நோயாளியின் தோலைக் கீறி, கொம்பு வைத்து இரத்தம் உறிஞ்சுவார், மேளம் முழங்கும். பல் வராது. உடனே மேளத்தை நிறுத்தச் சொல்லி, "இங்கே யாரோ மனத்தில் எதையோ வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் பல் வரவில்லை" என்பார். ஒவ்வொருவராக எழுந்து பேசுவார்கள்: நீ என் மகனின் கல்யாணத்துக்கு வரவில்லை, உன் மனைவி என்னை இப்படிச் சொன்னாள் என்று. நோயாளியும் தன் மனக்குறையைச் சொல்வார். மறுபடி மேளம், மறுபடி கொம்பு, மறுபடி நிறுத்தம். எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் பல் வெளியே வரும்.

பல் உண்மையில் உடம்புக்குள் இருந்ததா? இல்லை, வைத்தியரின் கைக்குள்தான் இருந்திருக்கும். டர்னரும் அதைக் கைவித்தையாகத்தான் பார்த்தார். ஆனாலும் அவர் அந்த வைத்தியரை ஏமாற்றுக்காரர் என்று தள்ளவில்லை. மாதக்கணக்கில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் கிடந்த ஒரு கிராமம், ஒருவனுடைய நெஞ்சுப் படபடப்பைச் சாக்கிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசித் தீர்த்தது. அவன் படபடப்புக்கு அந்தச் சண்டைகளே காரணமாக இருந்திருந்தால், அவனுக்குக் கிடைத்தது சரியான சிகிச்சை. மனத்துயர், துக்கம், குடும்பப் பிளவு, இவற்றிலிருந்து எழும் வலிகளில் இந்தச் சடங்குகள் உண்மையான ஆறுதல் தருகின்றன என்று நான் நம்புகிறேன். இதை எண்ணிக்கையால் நிறுவுவது கடினம். ஒரு கிராமத்துக்குப் போலி மேளம் கொடுத்து ஒப்பிட முடியாது. மூளைக்கட்டிக்கோ நீரிழிவுக்கோ அதே சடங்கு செய்தால் எதுவும் நடக்காது, நாள்தான் வீணாகும்.

ஆனால் அதே 'யாரால்?' என்ற கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு, அதை மறைத்து இந்த வைத்தியத்தைப் புகழ்வது குற்றம். குறி சொல்பவர் பகையைப் பேசித் தீர்க்காமல் ஒரு பெயரைச் சுட்டிக்காட்டிவிட்டால், அந்தப் பெயருக்குரியவர் பெரும்பாலும் ஒரு கிழவியாக இருப்பார். வடமேற்குத் தான்சானியாவின் சுகுமா பகுதியில் பல ஆண்டுகளாக வயதான பெண்கள் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டிருக்கிறார்கள். சாணி எரித்துச் சமைத்த புகையில் சிவந்த கண்களே பலருக்குச் சாட்சியாக நின்றன. வெண்தோல் குறைபாடுள்ளவர்களின் உடல் உறுப்புகள் அதிர்ஷ்டம் தரும் என்று சில ம்கங்காக்கள் கிளப்பிய வதந்தியால் நடந்த கொலைகள் ஊரறிந்தவை. 2015 ஜனவரியில் தான்சானிய அரசு உரிமமற்ற குறிகாரர்களுக்குத் தடை விதித்தது. ஆங்கிலேயர் இந்த வைத்தியர்களையும் சூனியக்காரர்களையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்பினார்கள். சுவாஹிலியில் ம்கங்கா என்பவர் ம்சாவியின், அதாவது சூனியம் வைப்பவரின், எதிரி. தென்னாப்பிரிக்காவின் 1957ஆம் ஆண்டுச் சூனிய ஒடுக்குச் சட்டம், ஒருவரைச் சூனியக்காரர் என்று குற்றம் சாட்டுவதோடு குறி சொல்வதையும் குற்றமாக்கியது. நல்ல இசங்கோமாவும் கெட்ட இசங்கோமாவும் ஒரே இருட்டுக்குள் தள்ளப்பட்டார்கள். இருட்டில் வளர்ந்தது கெட்டதுதான். 2007ல் வந்த சட்டம்தான் குறி சொல்பவர், மூலிகை வைத்தியர், மருத்துவச்சி, விருத்தசேதனம் செய்பவர் என்று நான்கு வகையாகப் பிரித்துப் பதிவு செய்ய வழி வகுத்தது. நடைமுறையில் அது மெதுவாகத்தான் நகர்ந்தது.

ஆப்பிரிக்கர்களில் 80 விழுக்காட்டினர் பாரம்பரிய வைத்தியத்தையே நம்பியிருக்கிறார்கள் என்று எங்கும் படிப்பீர்கள். அந்த எண்ணை நான் பயன்படுத்துவதில்லை. திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்பட்டே உண்மை போல ஆகிவிட்ட எண் அது. வீடுவீடாகக் கேட்ட கணக்கெடுப்புகளில், குறிப்பாகத் தென்னாப்பிரிக்காவில், மிகக் குறைவாகத்தான் வருகிறது. பாட்டி சொல்ல மறுத்ததைப் போலக் கணக்கெடுப்பவரிடமும் சொல்ல மறுத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

மாறாத பழமை என்று இதை எண்ணவும் கூடாது. டர்பனில் வார்விக் சந்திப்பில், பாதியில் கைவிடப்பட்ட ஒரு மேம்பாலத்தின் மீது உமுத்திச் சந்தை நடக்கிறது. பட்டைகள், வேர்கள், முன்னோரை அழைக்கப் புகைக்கும் இம்பெஃபோ கட்டுகள் எல்லாம் அங்கே கிடைக்கும். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த தமிழரும் தெலுங்கரும், பின்னால் வந்த குஜராத்தி வணிகர்களும் அந்த நகரத்தில் கடை போட்டார்கள். உமுத்தி விற்ற இந்தியக் கடைகள் பல. இந்தியக் கடைப் பொருட்கள் சுலு வைத்தியத்துக்குள் போயின. 1940ல் மஃபவுகே ங்கோபோ என்ற இன்யாங்கா, 'மரபுப்படி' வைத்தியம் செய்யாமல் வெள்ளையரின் மருந்துக்கடை போலத் தொழில் நடத்துகிறார் என்று வழக்கில் நிறுத்தப்பட்டார். பாரம்பரியம் எது என்று தீர்மானித்தவர்கள் அந்தப் பாரம்பரியத்துக்கு வெளியே இருந்தவர்கள். இன்றைய கவலை வேறு: காரச் சுவையுள்ள இசிபாஹா மரப்பட்டையும் காட்டு இஞ்சியும் தோண்டியே தீர்ந்துபோகும் நிலை. காட்டு இஞ்சி குவாசுலு-நடால் காடுகளில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது.

நம்பிப் போகலாமா என்ற மூன்றாவது கேள்வி. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது காய்ச்சல், வலிப்பு, மஞ்சள் காமாலை, எடை குறைவு, இரத்தம் போவது போன்றவை இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தை என்றால் வேர் எதுவும் வேண்டவே வேண்டாம். துக்கமும் குடும்பச் சண்டையும் உடம்பை வாட்டும்போது, ஒருவர் தன் மரபில் வந்த இசங்கோமாவிடம் போனால் நான் தடுக்க மாட்டேன். ஒரு நிபந்தனை மட்டும் சொல்வேன்: அவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, இன்னார்தான் உனக்குச் செய்வினை வைத்தார் என்று பெயர் சொன்னாலோ, எழுந்து வந்துவிடுங்கள். நான் பழகிய நல்ல இசங்கோமாக்கள் இரண்டையும் செய்ததில்லை. காசநோய் என்று சந்தேகப்பட்டவர்களைக் கையைப் பிடித்து எங்களிடம் கூட்டிவந்தவர்களும் அவர்களில் உண்டு.

அந்தப் பையன் இறந்த பிறகு எங்கள் மருந்தகச் சன்னலில் கேள்வியை மாற்றினோம். "வீட்டு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்பதை விட்டுவிட்டு, மூத்த செவிலியரிடம் கற்றபடி, "இப்போது எந்த உமுத்தி எடுக்கிறீர்கள்?" என்று சுலுவில் கேட்டோம். முதல் வாரத்திலேயே நோயாளி அட்டைகளின் ஓரத்தில் வேர்ப் பெயர்கள் நிறையத் தொடங்கின. இம்பிலா என்ற பெயரும் அவற்றில் இரண்டு முறை வந்தது, இன்னும் கொடுக்கப்படாத நிலையில்.